மேடையை அளந்துட்டு மெஷினைப் பாருங்க: எஸ்பிரெஸ்ஸோ கேள்வி பதில்

போன இதழ்ல "வீட்டுக்கு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்க நினைக்கிறவங்க கேள்வி அனுப்புங்க"ன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன், முக்காவாசிப் பேர் கலரும் மாடலும்தான் எழுதியிருக்கீங்க, சமையல் மேடை எவ்வளவு அகலம், மேல ஷெல்ஃப் எந்த உயரத்துல இருக்கு, பிளக் பாயிண்ட் எங்க இருக்குன்னு எழுதினவங்க ரெண்டே பேர். அதனால பதில்ல திரும்பத் திரும்ப உங்களை டேப் எடுக்கச் சொல்லுவேன், பொறுத்துக்குங்க.

கேள்வி: அக்கா, புதுசா மாடுலர் கிச்சன் போட்டிருக்கோம், வெள்ளை கப்போர்டு, கருப்பு கிரானைட் மேடை. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் மாதிரி உருண்டையா க்ரீம் கலர்ல வருதே ஸ்மெக் மெஷின், அது மேல எனக்கு ரொம்ப ஆசை. வீட்டுக்காரர் "ஷோகேஸ்ல வைக்கவா வாங்கற, டெலாங்கி டெடிகா போதும்"ங்கறார். யார் சொல்றது சரி? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: அழகு பார்த்து வாங்கறது தப்பே இல்லைம்மா, காலைல எழுந்ததும் முதல்ல பார்க்கப் போற பொருள், கண்ணுக்கு நிறைவா இருந்தா அதை நாளும் தொடச்சு வச்சுக்கணும்னு கை தானா போகும். அதனால உங்க ஆசையை யார்கிட்டயும் நியாயப்படுத்த வேண்டாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, நீங்க சொல்ற ரெண்டு மெஷினும் உள்ளுக்குள்ள ஏறக்குறைய ஒரே ஜாதி. ரெண்டுலயும் தெர்மோபிளாக்தான், அதாவது பாய்லர்ல தண்ணியைக் கொதிக்க வச்சு காத்திருக்காம, போற வழியிலேயே சூடாக்கி அனுப்பற அமைப்பு, அதனால ஒரு நிமிஷத்துக்குள்ள ரெடியாயிடும். ரெண்டும் சுமார் 15 செ.மீ அகலம்தான். ஸ்மெக்ல நீங்க கூடக் குடுக்கற காசு பெரும்பாலும் அந்த உடம்புக்கும் பெயின்ட்டுக்கும்தான், காபி ருசி அதுனால மாறாது. இது தெரிஞ்சும் அதுதான் வேணும்னு தோணுச்சுன்னா தாராளமா வாங்குங்க, கருப்பு கிரானைட்ல க்ரீம் கலர் ரொம்ப நல்லாவே எடுக்கும்.

இப்ப டேப் எடுங்க. நம்ம வீட்டு மேடை பெரும்பாலும் ரெண்டடி ஆழம், 60 செ.மீன்னு வச்சுக்குங்க. மெஷின் 33 செ.மீ ஆழம்னு பாக்ஸ்ல போட்டிருப்பான், ஆனா பின்னாடி செவுத்துல பிளக் சொருகி வயர் வளையறதுக்கு ஒரு அஞ்சு செ.மீ போகும், முன்னாடி போர்ட்டாஃபில்டர் (காபிப்பொடி போட்டு மாட்டற கரண்டி மாதிரி பாகம்) கைப்பிடி முக்கால் சாணுக்கு நீட்டிட்டு நிக்கும், அது மேடை விளிம்பைத் தாண்டினா போறவங்க வர்றவங்க இடுப்புல இடிக்கும். உயரம் 33 செ.மீ, மேல ஷெல்ஃப் 45 செ.மீ உயரத்துல இருந்தா உள்ள போயிடும், சரிதான், ஆனா டேங்க் பின்பக்கம் இருக்கு, மேல மூடியைத் திறந்து தண்ணி ஊத்த சொம்பு எப்படி நுழையும்? தினமும் மெஷினை முன்னாடி இழுத்து இழுத்து ஊத்துவீங்க, ஒரு மாசம் செய்வீங்க, அப்புறம் மெஷினே மூலைக்குப் போயிடும்.

நான் பட்டதைச் சொல்றேன். என் முதல் மெஷினை கேஸ் அடுப்புக்குப் பக்கத்துல, தொங்கற கப்போர்டுக்கு நேர் கீழ வச்சிருந்தேன், பால் ஸ்டீம் பண்ணும்போதெல்லாம் ஆவி நேரா மேல போய் கப்போர்டு அடிப்பலகையில அடிச்சு, எட்டு மாசத்துல லேமினேட் ஓரம் உப்பிப் பிரிஞ்சு வந்துடுச்சு, கார்பெண்டரை வரச் சொல்லி அடிப்பலகையையே மாத்தினேன். அடுப்புப் பக்கம் வச்சதால தாளிக்கற எண்ணெய்ப் பிசுக்கு வேற மெஷின் முழுக்க படிஞ்சு, அதுல மஞ்சத்தூள் ஒட்டி, வெள்ளை பிளாஸ்டிக் பாகத்துல ஏறின கறை கடைசி வரைக்கும் போகல. க்ரீம் கலர் வாங்கப் போற உங்களுக்கு இது முக்கியம். அடுப்புல இருந்து குறைஞ்சது மூணடி தள்ளி, மேல ஷெல்ஃப் இல்லாத இடமா பாருங்க, ஜன்னல் பக்கம் இருந்தா ரொம்ப நல்லது.

பிளக் விஷயம். மெஷின் 1350 வாட்னா 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 5.9 ஆம்ப்ஸ் இழுக்கும், நம்ம சின்ன சாக்கெட் 6 ஆம்ப்ஸ்தான், விளிம்புல நிக்குது. மைக்ரோவேவுக்குப் போட்டிருக்கற 16 ஆம்ப்ஸ் பாயிண்ட்ல போடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அந்த பாயிண்ட் இன்வெர்ட்டர் லைன்ல வருதான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுக்குங்க, வீட்டு இன்வெர்ட்டர் இந்த லோடு தாங்காது, கரண்ட் போன நேரத்துல ஆன் பண்ணினா ட்ரிப் ஆகும்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க, பழைய அட்டைப்பெட்டியை 15க்கு 33க்கு 33ன்னு வெட்டி ஒட்டி, கைப்பிடிக்கு ஒரு கரண்டியை முன்னாடி செருகி, நீங்க நினைச்ச இடத்துல மூணு நாள் வச்சுப் பாருங்க. தோசைக்கு மாவு எடுக்கும்போது இடிக்குதா, குக்கர் இறக்க இடம் இருக்கான்னு மூணு நாள்ல தெரிஞ்சுடும். அப்புறம் ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க.

கேள்வி: மேடம், பொண்ணு நியூஜெர்சில இருக்கா, தீபாவளிக்கு வரும்போது ப்ரெவில் மெஷின் ஒண்ணு கொண்டு வரேங்கறா, அங்க ஆஃபர்ல கிடைக்குதாம். இங்க ஓடுமா? (வாசகர், அண்ணா நகர்)

பதில்: சார், தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லிடுங்க. அங்க கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊர்ல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மாத்தற சின்ன அடாப்டரைப் போட்டு நேரா சொருகினா ஹீட்டரும் போர்டும் எரிஞ்சு போகும். 1600 வாட் மெஷினுக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடணும்னா 2000 வாட்டுக்கு மேல வேணும், அது ஒரு கிரைண்டர் கல்லு கனம் இருக்கும், அழகான மெஷினுக்குப் பக்கத்துல அந்த இரும்புப் பெட்டியை எங்க வைப்பீங்க? அப்படியே வச்சாலும் வோல்ட்தான் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது, மெஷின்ல இருக்கற பம்ப் அந்த ஹெர்ட்ஸ் கணக்குலதான் அதிருது, 60க்குச் செஞ்சது 50ல மெதுவா ஓடும். வாரண்ட்டியும் இங்க செல்லாது.

துபாய், லண்டன், சிங்கப்பூர்ல இருந்து வந்தா வேற கதை, அங்கெல்லாம் 230 வோல்ட் பக்கம்தான், பிளக் மட்டும் மாத்தினா போதும். ப்ரெவில்ங்கற அதே மெஷின் லண்டன்ல சேஜ்ங்கற பேர்ல விக்கும், பேர் மாறியிருக்கேன்னு குழம்ப வேண்டாம். பொண்ணுகிட்ட நல்ல பால் பிட்சர், ஒரு சின்ன தராசு, டாம்பர் (பொடியை அழுத்திவிடற கட்டை) கொண்டு வரச் சொல்லுங்க, கரண்டே தேவைப்படாத பொருள், பெட்டியிலயும் எடம் அடைக்காது.

கேள்வி: 20 பார்னு போட்டிருக்கறது 15 பாரை விட நல்லதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பார்ங்கறது அழுத்தத்தோட அளவு, காபிக்கு வேண்டியது சுமார் 9 பார். 15, 20ங்கறது பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும்ங்கற கணக்கு. 1901ல மிலான்ல பெஸேராங்கறவர் பேடண்ட் வாங்கின மெஷின் நீராவியோட பலத்துலதான் ஓடுச்சு, ஒன்றரை பார் பக்கம், அதுல மேல தேன் நிறத்துல நுரை வராது. காஜியாங்கறவர் 1938ல ஆரம்பிச்சு, உலகப்போர் முடிஞ்சப்புறம் ஸ்பிரிங் லீவர் (கையால இழுக்கற கைப்பிடி) வச்சு அழுத்தத்தை 9 பார் பக்கம் கொண்டு போனப்பதான் க்ரீமாங்கற அந்த நுரையே வந்துச்சு. அட்டையில இருக்கற பெரிய நம்பருக்காக ஒரு ரூபா கூடக் குடுக்காதீங்க.

கேள்வி: எனக்கு 63 வயசாகுது. பையன் பிறந்தநாளைக்கு மெஷின் வாங்கி வச்சுட்டான், பார்க்க அம்சமா இருக்கு. நாங்க வழக்கமா வாங்கற 80:20 காபிப்பொடியைப் போட்டா சொட்டு சொட்டா வந்து நின்னுடுது, ஒருதரம் ஓரத்துல பீய்ச்சி அடிச்சுது. பயந்து மூடி வச்சுட்டேன். வந்த காபியும் சூடே இல்லை. இதுல நம்ம ஃபில்டர் காபி வருமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: அம்மா, நீங்க ஒரு தப்பும் பண்ணல, மெஷினும் கெட்டுப் போகல. அந்த 20 பங்கு சிக்கரிதான் காரணம். சிக்கரி தண்ணி பட்டதும் கரைஞ்சு பிசுபிசுன்னு ஆகிடும். நம்ம ஃபில்டர்ல அது நல்ல வேலை செய்யுது, தண்ணியைச் சீக்கிரம் இறங்க விடாம பிடிச்சு வச்சு டிகாக்‌ஷனைக் கெட்டியாக்குது, அங்க அவசரமே இல்லை, கால் மணி அரை மணி நேரம் தன் பாட்டுல சொட்டும். மெஷின்ல அப்படியில்லம்மா, 25, 30 செகண்டுக்குள்ள தண்ணியை அழுத்தித் தள்ளணும், வழி அடைஞ்சா அது ஓரமா பிச்சுக்கிட்டு வரும். அப்படி அடைச்ச நேரத்துல கைப்பிடியை உடனே கழட்டாதீங்க, உள்ள அழுத்தம் இருக்கும், முகத்துல தெறிக்கும். ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் விட்டு மெதுவா கழட்டுங்க. தண்ணி மட்டும் ரெண்டு தடவை ஓட விட்டு அந்த சல்லடையைத் தொடச்சுடுங்க, சரியாயிடும்.

உங்க காபிப்பொடிக் கடைலயே சிக்கரி இல்லாம வேணும்னு கேளுங்க, பீபெரியோ பிளான்டேஷன் ஏவோ முக்கால் பங்கு, ரொபஸ்டா கால் பங்கு போடச் சொல்லுங்க. ரொபஸ்டான்னதும் மட்டம்னு நினைக்க வேண்டாம், நுரையும் கெட்டித்தன்மையும் அதுதான் குடுக்கும், இத்தாலிக்காரங்களே நம்ம நாட்டு ரொபஸ்டாவை வாங்கிட்டுப் போய்த்தான் அவங்க பிளெண்டுல கலக்கறாங்க. உங்க மெஷின்ல ரெண்டு அடுக்கு பாஸ்கெட் (பொடி போடற சல்லடைக் கிண்ணம்) இருக்கான்னு பையனைப் பார்க்கச் சொல்லுங்க, உள்பக்கம் நிறைய ஓட்டை, வெளிப்பக்கம் அடியில ஒத்தைப் பொட்டு ஓட்டை இருக்கும். அது இருந்தா கடைல அரைச்ச பொடிக்கே ஒத்து வரும், ஃபில்டருக்கு அரைக்கறதை விட ஒரு படி மெல்லிசா அரைக்கச் சொன்னா போதும்.

சூடு பத்தி. காபிக்கடை வழக்கம் பாலை 60, 65 டிகிரிக்கு சூடு பண்றதோட நிறுத்தறது, அந்த அளவுலதான் பால் இனிப்பா நுரையா இருக்கும்னு. நமக்கு டவரால ஆத்திக் குடிச்சே பழக்கம், அந்த சூடு நமக்குப் பத்தாது. நீங்க 70 வரைக்கும் கொண்டு போங்க, பாத்திரத்தோட அடியில கை வைக்க முடியாத நிலை வந்தப்புறம் இன்னும் சில செகண்ட். இன்னொண்ணு, டம்ளரைக் கொதிக்கற தண்ணில அலம்பிட்டு அதுல பிடிங்க, ஸ்டீல் டம்ளர் ஜில்லுன்னு இருந்தா 36 மில்லி காபி அதுல விழுந்த நிமிஷமே ஆறிப் போயிடும். டம்ளர் கொஞ்சம் உயரமா இருந்தா மெஷினுக்கு அடியில நுழையாது, அப்ப அந்தக் குண்டு டவராலயே பிடிச்சு டம்ளர்ல ஊத்திக்குங்க, நான் அப்படித்தான் செய்யறேன்.

இவ்வளவும் செஞ்சா நல்ல காபி வரும்மா. ஆனா ஃபில்டர் காபி வராது, ரெண்டும் வேற வேற ருசி. பித்தளை ஃபில்டரை அது இருக்கற இடத்துலயே வச்சுக்குங்க.

கேள்வி: பட்ஜெட் 30,000. கிரைண்டரோட சேர்ந்தே வர்ற மெஷின் வாங்கலாம்னு பார்த்தா பட்ஜெட் தாண்டுது. மெஷின் மட்டும் நல்லதா வாங்கிட்டு மிக்ஸில அரைச்சுக்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: மிக்ஸி வேண்டாங்க. மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டுது, அதுல பாதி மாவா போகும், பாதி ரவையா நிக்கும். தண்ணி எப்பவும் சுலபமான வழியைத் தேடிப் போகும், ரவை இருக்கற பக்கமா ஓடிடும், அங்க காபி புளிக்கும், மாவு இருக்கற பக்கம் கசக்கும், ஒரே கப்புல ரெண்டும் வரும். நிறைய பேர் "மெஷின் சரியில்லை"ன்னு விக்கறதுக்கு இதுதான் காரணமா இருக்கு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

30,000ஐ மெஷினுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, மூணுல ஒரு பங்காவது கிரைண்டருக்கு ஒதுக்குங்க. கரண்ட்ல ஓடற நல்ல எஸ்பிரெஸ்ஸோ கிரைண்டர் விலை கூட, ஆனா கையால சுத்தற கிரைண்டர்ல இரும்பு பர் (கொட்டையை அரைக்கற பல்சக்கரம்) வச்சு, கிளிக் கிளிக்கா நுணுக்கமா மாத்தற மாதிரி நல்லது கிடைக்குது. 18 கிராம் அரைக்க ஒரு நிமிஷத்துக்கு மேல சுத்தணும், ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. மேடைல இடமும் அடைக்காது, டிராயர்ல போட்டுடலாம், சின்ன கிச்சன்னா இது இன்னொரு லாபம்.

கிரைண்டரோட சேர்ந்து வர்றது, உதாரணத்துக்கு ப்ரெவில் பாரிஸ்டா எக்ஸ்பிரஸ், நல்ல மெஷின்தான், நான் குறை சொல்லல. ஆனா அது ஒரு அடி அகலத்துக்கு மேல, உயரம் 40 செ.மீ பக்கம், கொட்டை போடற பெட்டி உச்சந்தலைல இருக்கு. மேல ஷெல்ஃப் 45 செ.மீ உயரத்துல இருந்தா மூடியைத் திறந்து கொட்டை கொட்டவே முடியாது. கிரைண்டர் ரிப்பேர்னா மொத்த மெஷினும் சர்வீஸுக்குப் போகணும், அதையும் யோசிங்க.

கடைல போய் பார்க்கும்போது பாஸ்கெட் விட்டம் கேளுங்க. டெடிகா மாதிரி ஒல்லி மெஷின்ல 51 மி.மீ, ப்ரெவில் பாம்பினோல 54, காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா மாதிரி பழைய பாணி மெஷின்ல 58, அதுதான் காபிக்கடை மெஷின் அளவும். 58 எடுத்தா டாம்பர், பாஸ்கெட் எல்லாம் எங்கயும் கிடைக்கும். காஜியா கிளாசிக் 1991ல வந்தது, சில்வியா 1997ல வந்தது, இன்னமும் அதே பெட்டி உருவம்தான், சதுரமா ஸ்டீல்ல மினுமினுன்னு, எனக்கு அந்த எளிமை ரொம்பப் பிடிக்கும், எந்த கிச்சன்லயும் பொருந்தும். இந்த விலைக்குள்ள புதுசு வர்றது கஷ்டம். யாராவது சுத்தமா வச்சிருந்த பழைய மெஷின் குடுத்தா, ரப்பர் கேஸ்கெட் மட்டும் மாத்தி, கழட்டிக் கழுவி வருஷக்கணக்கா ஓட்டலாம். எது வாங்கினாலும் சர்வீஸ் கோவைலயே இருக்கா, இல்ல சென்னைக்கு பார்சல் கட்டணுமான்னு முதல்ல விசாரிச்சுடுங்க. பில்லு போட்டப்புறம் கேட்டா புண்ணியமில்லை.

இன்னும் குறைஞ்ச பட்ஜெட்னு ரெண்டு காலேஜ் பிள்ளைங்க எழுதியிருந்தீங்க, உங்களுக்கும் இங்கயே சொல்லிடறேன். நீராவி பலத்துல மட்டும் ஓடற சின்ன மெஷினுக்குப் பதிலா மோக்கா பாட் வாங்குங்க, 1933ல இத்தாலில பியாலெட்டி கொண்டு வந்த அந்த எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம். அடுப்புல வச்சா போதும், எஸ்பிரெஸ்ஸோ ஆகாது, ஆனா திடமான காபி வரும், ஷெல்ஃப்ல வச்சா அதுவே ஒரு அழகு.

கேள்வி: கடலோரம் ஃப்ளாட், போர் தண்ணி. வாங்கி ஒரு வருஷத்துல மெஷின் உள்ள வெள்ளையா கட்டிப் போச்சுன்னு சொல்லி 6,000 ரூபா வாங்கிட்டாங்க. இப்ப ஆர்ஓ தண்ணி ஊத்தறேன், அது சரிதானே? அப்புறம் குரோம் பூச்சு வேற புள்ளி புள்ளியா ஆகுது. (வாசகி, திருவான்மியூர்)

பதில்: பாதி சரிங்க. காபி உலகத்துல தண்ணிக்கு டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு, தாது அளவு) 150 பக்கம் நல்லதுன்னு வச்சிருக்காங்க, 75ல இருந்து 250க்குள்ள இருந்தா பரவாயில்லை. போர் தண்ணி அதைத் தாண்டி எங்கேயோ இருக்கும், ஆர்ஓ தண்ணி சில வீட்டுல 30, 40க்குப் போயிடுது. அவ்வளவு வெறும் தண்ணியா இருந்தா காபி சப்புனு இருக்கும், உள்ள இருக்கற உலோகத்தை அரிக்கும், பாய்லர்ல கம்பி வச்சு தண்ணி மட்டம் பார்க்கற மெஷின்னா தண்ணி இருந்தும் இல்லைன்னு நினைச்சுக்கும். சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, வாங்கி அளந்து பாருங்க. ஆர்ஓ சர்வீஸுக்கு வர்றவர்கிட்ட அட்ஜஸ்டரைத் திருப்பி 80, 100 பக்கம் வைக்கச் சொல்லுங்க. நீங்களா போர் தண்ணியை எடுத்துக் கலக்காதீங்க, கடலோர போர்ல சுண்ணாம்பு மட்டுமில்லாம உப்பும் இருக்கும், உப்பு ஸ்டீலையே ஓட்டை போடும்.

ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் டீஸ்கேல் பண்ணுங்க (உள்ள படிஞ்ச சுண்ணாம்பைக் கரைச்சு எடுக்கறது), மேனுவல்ல என்ன பொடி சொல்லியிருக்கானோ அதைத்தான் போடணும். வினிகர் ஊத்தச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க, வாசனை ரப்பர்ல ஏறி வாரக்கணக்குல காபில அடிக்கும்.

குரோம் புள்ளி உப்புக்காத்துனாலதான். ராத்திரி ஈரத்துணியால தொடச்சு, உடனே காய்ஞ்ச துணியால ஒருதரம் தொடைங்க, ஜன்னல் பக்கத்துல வைக்காதீங்க (மடிப்பாக்கம் வாசகிக்கு ஜன்னல் பக்கம் நல்லதுன்னேன், கடல் பார்த்த ஜன்னலுக்கு அது பொருந்தாது). அடுத்த மெஷின் வாங்கும்போது குரோம் பூச்சை விட்டுட்டு பிரஷ்டு ஸ்டீல் எடுங்க. மேட் கருப்பு எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க, உங்க தண்ணிக்கு அது வேண்டாம், ஒவ்வொரு சொட்டும் காய்ஞ்சு வெள்ளைத் திட்டாத் தெரியும்.

கேள்வி: சிங்கப்பூர்ல எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு, கிச்சன் ரொம்பச் சின்னது. லா பவோனி லீவர் மெஷினைப் பார்த்ததுல இருந்து வேற எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. மூணு வயசுல பையன் இருக்கான். வாங்கலாமா? (வாசகி, ஈஷூன்)

பதில்: எனக்குப் புரியுதும்மா, யூரோபிக்கோலா 1961ல வந்தது, இன்னிக்கும் அந்த உருவத்துக்கு ஈடு கிடையாதுன்னுதான் நானும் சொல்லுவேன். இடமும் அதிகம் அடைக்காது, 20 செ.மீ அகலம்தான். ஆனா லீவர் கைப்பிடியை மேல தூக்கித்தான் அழுத்தணும், தூக்கும்போது மேல இருக்கற கேபினெட்ல இடிக்காம இருக்கணும், அதனால மெஷின் உயரத்தை விட்டுட்டு கைப்பிடி தூக்கின உயரத்தை அளங்க. கீழ அழுத்தும்போது மெஷின் நகராம இருக்க இன்னொரு கையால பிடிச்சுக்கணும், மேடை கொஞ்சம் தாழ்வா இருந்தா நல்லது.

நான் தயங்கறது பையனுக்காக. அதுல பாய்லர் வெளியவே இருக்கு, வெளிக்கூடு போட்டு மறைக்கல, பளபளன்னு இருக்கற அந்த உருளையே கொதிக்கும், மூணு வயசுப் பிள்ளைக்கு அதுதான் முதல்ல கண்ணுல படும். தண்ணி தீர்ந்தா உடனே மூடியைத் திறந்து ஊத்தவும் கூடாது, ஆஃப் பண்ணி ஆவியை முழுசா வெளிய விட்டுட்டுத்தான் திறக்கணும், அழுகிற பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அவசரத்துல திறந்தா பெரிய தீக்காயம். மூணு நாலு ஷாட் (ஒரு தடவை இறக்கற காபி ஒரு ஷாட்) தொடர்ந்து போட்டா தலைப்பகுதி அளவுக்கு மீறி சூடாகி காபி கசக்க ஆரம்பிக்கும், விருந்தாளி வந்தா திண்டாட்டம்.

பையனுக்கு ஏழெட்டு வயசு ஆகட்டும், அந்த மெஷின் எங்கயும் போகாது, அறுபது வருஷத்துக்கு மேல விக்கறாங்க, அப்பவும் விப்பாங்க. இப்போதைக்கு பாம்பினோ மாதிரி ஒண்ணு, மூணு செகண்டுல சூடாகும், வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடலாம், வெளிப்பக்கம் கொதிக்காது. கைல அழுத்தற சுகம்தான் வேணும்னா ஃப்ளேர்னு கரண்டே இல்லாத லீவர் இருக்கு, கெட்டில்ல தண்ணி காய்ச்சி ஊத்தி அழுத்தறது, முடிஞ்சதும் கழுவி அலமாரிக்குள்ள வச்சுடலாம். பால் ஸ்டீம் பண்ண மட்டும் அதுல வழி இல்லை.

கேள்வி: நாங்க ஆறு பேர் கூட்டுக்குடும்பம், காரைக்குடில பெரிய வீடு. காலைல ஆறரைல இருந்து ஏழுக்குள்ள எல்லாருக்கும் காபி வேணும். ஒரு நல்ல மெஷின் வாங்கி ஃபில்டர் வேலையைக் குறைக்கலாம்னு எங்க அத்தைகிட்ட சொல்லிட்டேன். பார்க்கவும் வீட்டுக்கு ஏத்த மாதிரி கம்பீரமா இருக்கணும். (வாசகி, காரைக்குடி)

பதில்: அத்தைகிட்ட சொன்னதைக் கொஞ்சம் மாத்திச் சொல்ல வேண்டி வரும்மா. சின்ன மெஷின்ல காபி இறக்கற சூடு வேற, பால் ஸ்டீம் பண்ற சூடு வேற, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திக் காத்திருக்கணும், ஆறு டம்ளருக்கு அரை மணி ஓடிடும், கடைசி டம்ளர் வரும்போது முதல் டம்ளர் குடிச்சவங்க வேலைக்குக் கிளம்பியிருப்பாங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யற பெரிய மெஷின் இருக்கு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், டபுள் பாய்லர்னு சொல்லுவாங்க, நீங்க கேட்ட கம்பீரம் அதுலதான் இருக்கு. முன்பக்கம் பித்தளைல வார்த்து குரோம் பூசின தலை, இ61ன்னு பேர், 1961ல ஃபயேமா கம்பெனி அந்த வருஷத்து சூரிய கிரகணத்தை வச்சு வச்ச பேர், இன்னிக்கு வரைக்கும் பல கம்பெனி அதையே செய்யறாங்க. அந்தத் தலை மட்டுமே நாலு கிலோ பக்கம் வரும், மொத்த மெஷின் 20 கிலோவுக்கு மேல. மரப்பலகைல வைக்காதீங்க, உங்க வீட்டுல கல் மேடையோ கனத்த தேக்கு சைட்போர்டோ இருக்கும், அது தாங்கும். ஆனா அந்த உலோகம் முழுக்க சூடேற அரை மணி ஆகும், ஆறு மணிக்கே யாராவது ஆன் பண்ணி வைக்கணும். விலையும் லட்சத்தைத் தாண்டும்.

நான் உங்க இடத்துல இருந்தா காலைக் காபியை ஃபில்டருக்கே விட்டுடுவேன், ராத்திரியே இறக்கி வச்ச டிகாக்‌ஷன்ல ஆறு பேருக்கு பத்து நிமிஷத்துல கலந்துடலாம், அதை எந்த மெஷினும் மிஞ்ச முடியாது. மெஷினை சாயங்காலத்துக்கு வச்சுக்குங்க, வர்றவங்க போறவங்களுக்கு, ஒவ்வொருத்தருக்கும் கேட்டுக் கேட்டுப் போட்டுக் குடுக்க. அதுக்கு நடுத்தர மெஷினே போதும், நாலு ஷாட்டையும் முதல்ல வரிசையா இறக்கிட்டு, அப்புறம் ஒரே பெரிய பிட்சர்ல பாலை ஸ்டீம் பண்ணி ஊத்துங்க, நேரம் பாதியாகும். சமையல்கட்டை விட்டு வெளியில, சாப்பாட்டுக்கூடத்து சைட்போர்டுல வைங்க, புகையும் எண்ணெயும் படாது, தேக்கு மரத்துக்குப் பக்கத்துல ஸ்டீல் உடம்பு ரொம்ப நல்லா இருக்கும். கீழ ஒரு கடப்பாக்கல் துண்டு போட்டுடுங்க, சொட்டற தண்ணி மரத்துல இறங்காது.

சைட்போர்டு நீளம், ஆழம், மேல எவ்வளவு இடம், பக்கத்துல 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் இருக்கா, இதை மட்டும் எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல மாடல் பேரோட சொல்றேன்.